வேலிக்கு அந்தப் பக்கம் ஒரேயொரு படம்

விழுந்தவரைத் தூக்கிவிடுகிற வேலைக்கு நன்றி கிடைக்கும். விழாமல் பார்த்துக்கொள்கிற வேலைக்கு முறைப்புத்தான் கிடைக்கும்.

நீங்கள் கோப்பிக் கடையில் நின்றவராக இருக்கலாம், பார்க்கிங் லொட்டில் நின்றவராக இருக்கலாம், வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவராக இருக்கலாம். காலையில் இருந்து மாலை வரை மற்றவர்களுக்குக் ‘கூடாது’ என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவர் என்றால் நீங்களும் நானும் ஒரே இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நிற்பது கனடாவில், ஸ்காபரோவில், ஒன்ராறியோ ஏரிக்கு மேலே இருக்கிற பிளவ்ஸ் குன்றுகளில். தூரத்தில் இருந்து பார்த்தால் யாரோ சுண்ணாம்பு பூசிவிட்ட பெரிய மதில் போல இருக்கும். மழையும் காற்றும் அரித்து அரித்து, சில இடங்களில் அது கோபுரமாகவும் சில இடங்களில் பல்லுப் போன வாயாகவும் நிற்கிறது. குன்றின் உச்சியோடு ஒரு நடைபாதை போகிறது. பாதைக்கும் பள்ளத்துக்கும் நடுவே இடுப்பளவு மரவேலி. மஞ்சள் மேலங்கியும் அலுவலகத்தோடு கதைக்க ஒரு வோக்கியுமாக வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவன் நான். வேலிக்கு அந்தப் பக்கம் போக விரும்புகிறவர்கள் மற்ற எல்லோரும்.

சென்ற கோடை தொடங்கியபோது மேலாளர் பிரையன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “தீயணைப்புக்காரர் கயிறு கட்டி ஆட்களைத் தூக்கியது போதும். இந்தப் பருவத்தில் ஒரேயொரு ஆளைத் தூக்க வேண்டி வந்தாலும் மேல்பாதைக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிடுவோம். கதவு வந்தால் காவல் தேவையில்லை.” அதாவது நானும் தேவையில்லை.

எனக்கு அந்தப் பாதை திறந்திருக்க வேண்டும். சம்பளத்துக்காக மட்டும் அல்ல. மனைவி போன பிறகு என் வீட்டில் வாய் திறப்பது தேத்தண்ணிக்குக் கொதிக்கிற கேத்தில் ஒன்றுதான். மகள் அஜக்ஸில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து, “சாப்பிட்டியளோ அப்பா?” என்பாள். “ஓம்” என்பேன். அந்தக் கிழமைக்கான கதை அதோடு முடிந்தது. மனிதக் குரல் கேட்க வேண்டுமென்றால், அது என்னைத் திட்டுகிற குரலாக இருந்தாலும், நான் வேலியடிக்குத்தான் போக வேண்டும். ஆகவே அந்தக் கோடை முழுவதும் ஒருவரும் விழக்கூடாது என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை.

சோக்கு மலை

மில்லிக்கன் பக்கம் வசிக்கிற, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். மருமகன் கார் ஓட்டி வந்த களைப்பில் புல்லில் படுத்துவிட்டான். ஆசிரியர் நேராக வேலியடிக்கு வந்து, “இது சோக்கு மலைதானே?” என்றார். இல்லை, இது மணலும் களிமண்ணும் என்றேன். அவர் நம்பவில்லை. வேலிக்குக் கீழாகக் கையை விட்டு ஒரு கட்டியை உடைத்து எடுத்து, கரும்பலகையில் எழுதுவது போலப் பாதையில் ‘அ’ எழுதிப் பார்த்தார். கட்டி அவருடைய விரலுக்குள்ளேயே மாவாகிப் போனது. “கனடாச் சோக்கு. தரமில்லை” என்றார்.

இந்தக் குன்றைப் பற்றி நூலகத்தில் புத்தகம் எடுத்து வாசித்தவன் நான். கேட்க ஆளில்லாமல் வருடக்கணக்காக உள்ளே கிடந்த அறிவு. ஒருவர் அகப்பட்டதும் விடுவேனா? முன்னொரு காலத்தில் இந்த நாடே பனிக்கட்டிக்குக் கீழே கிடந்தது, அந்தப் பனிக்கட்டி அரைத்துக் கொண்டுவந்து ஏரியடியில் படியவிட்ட மண்தான் இப்படி எழும்பி நிற்கிறது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். பேத்தி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். ஆசிரியர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துக் கேட்டார்:

“ஐசாலை செய்த மலை எண்டா, இந்தச் சமர் வெயிலுக்கும் உருகாமல் என்னெண்டு தம்பி நிக்குது?”

அல்பத்துக்கு ஒரு முனை

பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடுகிற சாமத்திய வீட்டு அல்பத்துக்குப் படம் எடுக்க வருகிறவர்களை ஒரு சனிக்கிழமையில் வந்து பார்க்க வேண்டும். முதலில் படப்பிடிப்பாளர் வருவார். பிறகு அவருடைய உதவியாளர்கள் குடை, விளக்கு, புகை விடும் பெட்டி எல்லாம் கொண்டு வருவார்கள். அதற்குப் பிறகு தாய், சித்தி, ஒப்பனைக்கார அக்கா. எல்லோருக்கும் கடைசியாக, தன்னைவிடப் பாரமான சீலையைக் கட்டிக்கொண்டு, யாருக்காக இவ்வளவும் நடக்கிறதோ அந்தப் பிள்ளை, காலில் ஓட்டப் பயிற்சிச் சப்பாத்தோடு வரும்.

அன்று வந்த படப்பிடிப்பாளர் வேலியை ஒரு முறையும் பள்ளத்தை ஒரு முறையும் பார்த்தார். வேலிக்கு அப்பால், மூக்கு நீட்டியது போல ஒரு முனை இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. எப்போதோ அரித்துக்கொண்டு போய்விட்டது. “அந்த முனையில பிள்ளை நிண்டு கையை விரிச்சா, பின்னால ஏரி அப்பிடியே கடல் மாதிரி வரும்” என்றார். நான் கூடாது என்றேன். “ஒரேயொரு படம் அண்ணை” என்றார். இந்தத் தொழிலில் நான் அதிகம் கேட்ட வசனம் இதுதான். விழுந்தவர்கள் எல்லோரும் ஒரேயொரு படத்துக்குப் போனவர்கள்தான்.

பிள்ளை புத்திசாலி. வேலியைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, ஐ’ம் நொட் டையிங் ஃபோர் அன் அல்பம்” என்றது. “வாயைப் பொத்து, இண்டைக்கு உன்ர நாள்” என்றார் தாய். பிறகு என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், பக்கத்து வீட்டில் ஏணி இரவல் கேட்கிற குரலில் சொன்னார்:

“அண்ணை, எங்களுக்கு மண்டபத்துக்குப் பிந்துது. உங்கட வேலியைக் கொஞ்ச நேரம் கழட்டி வையுங்கோவன்.”

ஏரிப் பார்வை

குன்றோரமாகச் சில வீடுகள் இருக்கின்றன. அவற்றின் பின்வளவு முடிகிற இடத்தில் பள்ளம் தொடங்குகிறது. வீடு விற்கிற தமிழ் முகவர் ஒருவர், கோட்டும் சூட்டும் போட்டு, ஒரு இளம் தம்பதியைப் பாதையால் கூட்டிக்கொண்டு வந்தார். விற்பனைக்கு இருக்கிற வீட்டை ஏரிப் பக்கமாக இருந்து காட்டினால்தான் அழகு தெரியும் என்பது அவருடைய கணக்கு. வேலியில் காலை வைத்துச் சாய்ந்து நின்று விளக்கம் கொடுத்தார். காலை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டு மற்றக் காலை வைத்தார்.

அந்தப் பெண்ணுக்குத்தான் சந்தேகம். நான் சீருடையில் நிற்பதைக் கண்டு, “அங்கிள், இந்த மண் வருசா வருசம் இடியுதாமே, உண்மையோ?” என்றாள். உண்மைதான், நான் வேலைக்கு வந்த காலத்தில் அந்த வீட்டுக்காரர் பின்வளவில் பந்து விளையாடுவார், இப்போது பந்து விளையாட இடமில்லை என்றேன். புருசன் மனைவியைப் பார்த்தான். மனைவி வீட்டைப் பார்த்தாள். முகவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த இடத்திலேயே இன்னும் கொஞ்சம் மண் இடிந்திருக்கும். ஆனால் தொழில் தெரிந்த மனிதர். சிரிப்பு மட்டும் கலையவில்லை.

“அண்ணை அதைப் பிழையாப் பாக்கிறார், தங்கச்சி. வளவு குறையேல்லை, ஏரிதான் கிட்ட வருது!”

கழகம்

அஜக்ஸில் இருந்து ஒரு நடைக் கழகம் வரும். எல்லோரும் சீனி வருத்தக்காரர். நடந்தால் சீனி குறையும் என்று டொக்டர் சொன்னதால் நடக்கத் தொடங்கினார்கள். நடந்து முடிந்ததும், நடந்த களைப்புக்கு, கார் டிக்கியைத் திறந்து வைத்து எண்ணெயில் பொரித்த றோல்ஸும் சீனி போட்ட பால் தேத்தண்ணியும் எடுப்பார்கள். அதுவரைக்கும் நல்ல சனம்.

யூலை மாதம் கழகம் உடைந்தது. காரணம் பாதை. மேல்பாதையில் காற்று நல்லது என்றது ஒரு பகுதி. முழங்கால்காரருக்குக் கீழே கரையோரப் பாதைதான் நல்லது என்றது மறுபகுதி. அடுத்த சனிக்கிழமை இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் வந்து இறங்கின. ஒரே நிறத் தொப்பி, இரண்டு பதாகை, இரண்டு தலைவர்கள். தாங்கள்தான் தாய்க் கழகம் என்று இரண்டு பேரும் என் கண்முன்னாலேயே தர்க்கப்பட்டார்கள். ஒருவர் கையை ஓங்க மற்றவர் பின்வாங்க, பின்வாங்கியவரோடு அவருடைய ஆட்களும் பின்வாங்க, அத்தனை முதுகும் வேலியில் போய்ச் சாய்ந்தன. மரம் கறகறத்தது. என் நெஞ்சும் கறகறத்தது. இரும்புக் கதவு என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

நடுவில் புகுந்து, ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்துப் புல்லுக்குக் கொண்டுவந்தேன். மூச்சு வாங்கிய பிறகு, மேல்பாதைத் தலைவரிடம் பணிவாகச் சொன்னேன்: “அண்ணை, ஒரு கிழமை மேல நடவுங்கோ, ஒரு கிழமை கீழ நடவுங்கோ. எல்லாரும் சேர்ந்தே நடக்கலாமே.” அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னது போல முகத்தைச் சுளித்தார்.

“அப்பிடி எல்லாரும் ஒத்துப்போறதெண்டா, பிறகு கழகம் எண்டு ஒண்டு என்னத்துக்கு?”

விழுகிற மனிதனின் படம்

ஓகஸ்டில் பிரையன் ஒரு எச்சரிக்கைப் பலகை கொண்டுவந்தார். அதில் எழுத்து குறைவு. குன்றில் இருந்து கையையும் காலையும் விரித்துக்கொண்டு விழுகிற ஒரு கறுப்பு மனித உருவம்தான் பெரிது. நல்ல பலகை. அதை வேலிக்கு அந்தப் பக்கம் நட்டார்கள். இந்தப் பக்கம் நட்டால் புல்வெட்டும் வண்டிக்கு இடைஞ்சலாம்.

மத்தியானத்துக்குள் விளைவு தெரிந்தது. இளைஞர்கள் ஒவ்வொருவராக வேலியைத் தாண்டிப் போய், பலகைக்குப் பக்கத்தில் அதே போலக் கையையும் காலையும் விரித்து நின்று படம் எடுத்தார்கள். ஒருவனை இறக்கிவிட்டுத் திரும்பினால் இன்னொருவன் ஏறி நிற்பான். கைப்பையும் குடையுமாக ஒரு அன்ரி வேலிக்குள்ளால் குனிந்து புகுந்து போவதைக் கண்டு பதறிப்போய் ஓடினேன். “ஏன் கத்துறியள்? அதில என்ன எழுதியிருக்கெண்டு பாக்க வேண்டாமோ?” என்றார். அப்பால் போகக்கூடாது என்றுதான் எழுதியிருக்கிறது என்றேன். “அதை இஞ்சாலையெல்லோ வைக்கவேணும்” என்று சொல்லிவிட்டு, போன வழியால் திரும்பி வந்தார்.

நானும் அதைத்தான் வோக்கியில் பிரையனுக்குச் சொன்னேன். அவர் வண்டியில் வந்து இறங்கினார். பலகையைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்தது.

“பார், இதுவரை நாங்கள் வைத்த எந்தப் பலகையையும் மக்கள் இவ்வளவு கவனித்தது இல்லை.”

காற்று

ஒரு குடும்பம் தகப்பனின் சாம்பலோடு வந்தது. செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியை முடித்து, சாம்பலை ஏரியில் கரைக்க வேண்டும். கீழே கரைக்குப் போகிற வழியில் கார் விட இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேலே இருந்து போட்டாலும் ஏரியில்தானே விழும் என்று மூத்த மகன் முடிவு செய்துவிட்டான். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அதற்குச் சம்மதித்தார். அவருக்கு வேறு இடத்திலும் கிரியை இருந்தது.

வெள்ளை வேட்டியோடும் சாம்பல் சட்டியோடும் மூத்த மகன் வேலியில் காலைத் தூக்கி வைத்தான். இப்படியான நேரத்தில் கூடாது என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. எனக்கும் வரவில்லை. என் மனைவியின் சட்டியை நானும் ஒருநாள் இப்படித்தான் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன். ஆனால் ஒரு சாவுக்குப் பின்னால் இன்னொரு சாவு எதற்கு? தோளில் கைவைத்து, “தம்பி, இஞ்சாலை நிண்டே போடும், அப்பா கோவிக்கமாட்டார்” என்றேன். அவன் மறுக்கவில்லை. காலை எடுத்துக்கொண்டு, வேலிக்கு மேலால் கையை நீட்டிச் சட்டியைக் கவிழ்த்தான்.

ஏரிக் காற்று குன்றில் மோதி மேலே வரும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். சாம்பல் கீழே போகவில்லை. கொஞ்சம் எழும்பி, வட்டமிட்டு, மூத்த மகனின் தலையிலும் இளைய மகனின் கண்ணாடியிலும் ஐயரின் சால்வையிலும் வந்து இறங்கியது. ஒருவரும் மூச்சு விடவில்லை. விட்டால் இழுக்க வேண்டுமே. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது, செத்தவரைக் கடைசி வரை பராமரித்தவளாம், மூத்த மருமகள், சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு அமைதியாகச் சொன்னாள்:

“மாமா இருக்கேக்கையும் இப்பிடித்தான். எங்கை கொண்டுபோய் விட்டாலும் திரும்பி எங்களட்டைத்தான் வந்து நிப்பார்.”

முதலில் சிரித்தவர் ஐயர்தான்.

பருவம் முடிகிற வாரம்

செப்டெம்பர் முடியப் போகிற நேரம். ஒருவரும் விழவில்லை. இன்னும் சில நாள் பொறுத்தால் மேல்பாதை அடுத்த வருடமும் திறக்கும். எனக்கும் போக ஒரு இடம் இருக்கும். நான் வாயைத் திறந்து இதைச் சொல்லவே பயந்துகொண்டிருந்தேன்.

அப்போது பிரையன் வந்தார். விபத்தே இல்லாத பருவம் என்று தலைமை அலுவலகத்துக்குக் காட்ட அவருக்கு ஒரு படம் வேண்டும். முன்னால் வேலி, வேலிக்குப் பின்னால் கட்டுப்பாடாக நடக்கிற மக்கள். அப்படி எடுக்க வேண்டுமானால் எடுக்கிறவர் எங்கே நிற்க வேண்டும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். “பிரையன், கூடாது” என்றேன். “ஒரேயொரு படம்” என்றார், வேலியைத் தாண்டினார், போனைத் தூக்கினார், எங்களைச் சிரிக்கச் சொன்னார், பின்னால் ஒரு அடி வைத்தார்.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. மாவு மூட்டை சரிந்த மாதிரி ஒரு ஓசை. மனிதரைக் காணவில்லை. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். இரண்டு ஆள் உயரம் கீழே, குன்று நீட்டிக்கொண்டிருந்த ஒரு திட்டில், தலையில் இருந்து சப்பாத்து வரை சுண்ணாம்பு நிறமாகக் குந்தியிருந்தார். உயிர் இருந்தது. தொண்டையும் இருந்தது.

“வோக்கியைத் தொடாதே!” என்று கீழே இருந்து கத்தினார். “தீயணைப்புக்காரர் வந்தால் கதவு வரும். கதவு வந்தால் நீ இல்லை. தெரியும்தானே?”

தெரியும். அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அவர் இருந்த திட்டின் விளிம்பில் இருந்து மண் சிறிது சிறிதாகக் கொட்டிக்கொண்டிருந்தது. நான் வோக்கியை எடுத்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சொல்லி முடித்ததும், அடுத்த கோடை நான் வீட்டில் கேத்திலோடு இருப்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் வேலியில் சாய்ந்து போனை நீட்டினார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டே நான் கீழே பார்த்து, அசைய வேண்டாம், கீழே பார்க்க வேண்டாம், ஏதாவது கதைத்துக்கொண்டிருங்கள் என்றேன். அவருக்குக் கதைக்கத் தெரிந்தது வேலை ஒன்றுதான். “கூட்டத்தை வேலியில் சாயவிடாதே! உன் மேலங்கிப் பொத்தான் திறந்திருக்கிறது!” என்று திட்டில் இருந்தபடி கட்டளை போட்டார். நான் பொத்தானைப் பூட்டினேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் கையைச் சுரண்டினாள்.

“அங்கிள், கீழ கிடந்து கத்துறவர் ஆர்?”

“என்ர மேலாளர், பிள்ளை.”

“அப்ப ஏன் உதவிக்குக் கூப்பிட்டனீங்கள்?”

கணக்கு

கயிறு கட்டித் தூக்கி எடுத்தார்கள். வெள்ளைச் சிலை ஒன்று மேலே வந்தது போல இருந்தது. கூட்டம் கைதட்டியது. அவர் கையசைத்தார். முழங்கையில் சிராய்ப்பு; அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலை நான் மேலங்கியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். பிரையன் கட்டுப்போட்ட கையோடு வேலியடியில் நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று வாங்கி வைத்திருந்தார். இத்தனை வருடத்தில் அது முதல் தடவை. இரும்புக் கதவு எப்போது வரும் என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. “என்ன கதவு? அடுத்த மே மாதம் வழக்கம்போல வந்துவிடு” என்றார். நேற்று ஒரு ஆளைத் தூக்கினார்களே என்றேன். அவர் கோப்பியை ஒரு மிடறு குடித்தார். பள்ளத்தைப் பார்த்தார். பிறகு கண்ணே சிமிட்டாமல் சொன்னார்:

“பார்வையாளர் விழுந்தால் அது விபத்து. மேலாளர் விழுந்தால் அது பரிசோதனை.”

மண் எல்லோரையும் ஒரே மாதிரித்தான் கீழே விடுகிறது, ஆளைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது மேலே நிற்கிற நாங்கள்தான்.